ஷார்பி, பார் லைட் சர்வீஸ்: கேட்டதும் சொன்னதும்

திருவிழா சீசன் வருது, எல்லாரும் குடோன்ல கிடக்கிற லைட்டை எடுத்து தூசி தட்டுற நேரம், அதனால வந்த கேள்விக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில் சொல்லிடுறேன். ஷார்பின்னு சொன்னா நம்ம ஊர் வழக்கப்படி மேடையில ஒல்லியா நேரா ஒளி அடிக்கிற, தலை திரும்புற எல்லா பீம் லைட்டும்தான், ஒரு கம்பெனியோட மாடல் பேரா எடுத்துக்காதீங்க. பார்னா டப்பா மாதிரி இருக்கிற சாதா மேடை லைட்.

அண்ணா, ப்ரோக்ராம் நடுவுல ஷார்பி உள்ள இருக்கிற 7ஆர் லேம்ப் போயிடுச்சுன்னா உடனே கழட்டி புதுசு மாட்டலாமா? சில பேர் அஞ்சு நிமிஷத்துல மாட்டிடுறாங்களே. (தேனி)

மாட்டுவாங்க தம்பி, நானும் பாத்திருக்கேன், நீங்க பண்ணாதீங்க. அது 230 வாட்ஸ் மெர்குரி லேம்ப். எரியும்போது உள்ள பயங்கர ப்ரஷர், கை வைக்கிற நேரத்துல வெடிச்சா கண்ணாடித் தூள் மூஞ்சிலதான், கூடவே பாதரச ஆவியும் வரும். கன்சோல்ல (லைட்டை கன்ட்ரோல் பண்ற போர்டு) இருந்து லேம்ப் ஆஃப் குடுத்து ஃபேனை ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க, அப்புறம் பவர் எடுத்துட்டு இன்னும் அரை மணி நேரம் தொடாதீங்க. ஷோல ஒரு லைட் இல்லாம போனா ஜனங்களுக்கு தெரியவே தெரியாது. கழட்டும்போது கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ். புது லேம்ப்போட குவார்ட்ஸ் கண்ணாடியை வெறும் விரலால தொட்டா கைல இருக்கிற எண்ணெய் ஒட்டி அந்த இடம் மட்டும் சூடேறி சீக்கிரம் போயிடும், தொட்டுட்டா ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு துடைச்சுட்டு மாட்டுங்க. மெனுல லேம்ப் ஹவர்ஸை ஜீரோ பண்ண மறக்காதீங்க, வெடிக்கிறதுல நிறைய வயசு தாண்டியும் ஓட்டுன லேம்ப்தான்.

லேம்ப் லைட்டுக்குள்ளயே வெடிச்சிருந்தா ரூமைத் திறந்து போட்டுட்டு எல்லாரும் வெளிய வாங்க, அப்புறமா ஈரத்துணில தூளை எடுங்க, வாக்கம் க்ளீனர் போட்டா பாதரசம் ரூம் பூரா பரவிடும்.

பாடியை தொட்டா லேசா ஜிவ்வுங்குது, டெஸ்டரும் எரியுது. ஆனா லைட் நல்லாத்தான் வேலை செய்யுது, விட்டுடலாமா? (புதுக்கோட்டை)

எனக்கு வர்ற கேள்விலயே இதுதான் அதிகம், இதுலதான் ஆளும் போறது. உள்ள எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பவர் சப்ளைல, ஃபில்டர் கெபாசிட்டர் இருக்கு, அது கொஞ்சூண்டு கரண்டை எப்பவும் பாடி வழியா எர்த்துக்கு அனுப்பிட்டே இருக்கும், எர்த் இருந்தா நமக்கு தெரியவே தெரியாது, இல்லேன்னா பாடில பாதி வோல்டேஜ், ஒரு 110, 115 நிக்கும். ஒரு லைட்டுன்னா ஜிவ்வுதான். ஒரே ட்ரஸ்ல (லைட்டை தொங்க விடுற மெட்டல் ஃப்ரேம்) இருபது லைட் தொங்குதுன்னு வைங்க, எல்லா லீக்கேஜும் கூடி ட்ரஸ்லயே வந்து நிக்கும், மேல ஏறுன பையன் கை உதறி கீழ விழுவான், ஷாக்ல தப்பிச்சாலும் விழுந்து அடிபடுவான். நாளைக்கு உள்ள ஃபேஸ் வயர் பாடில ஒட்டுச்சுன்னா முழு 230ம் பாடிலதான், ஃப்யூஸும் போகாது.

செக் பண்றது ரெண்டு நிமிஷ வேலை. ப்ளக்கை உருவிட்டு மீட்டரை கன்டின்யூட்டில வச்சு ஒரு முனையை எர்த் பின்லயும் இன்னொன்னை பெயின்ட் இல்லாத ஸ்க்ரூலயும் வைங்க, கூவணும். கூவலேன்னா கேபிளை பாருங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பாருங்க, முக்கால்வாசி நேரம் அங்கதான் எவனோ ஸ்பீக்கர்ல ஹம் வருதுன்னு எர்த் பின்னை வெட்டி வச்சிருப்பான். ஜெனரேட்டருக்கு கம்பி அடிச்சு எர்த் போட்டிருக்காங்களான்னும் போய் பாருங்க, செடிக்குள்ள சும்மா சொருகி வச்சிருப்பாங்க.

டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் முடிச்சிருக்கேன், பவர் சப்ளையை நானே பிரிக்கலாமா? (ஈரோடு)

பிரிங்க, ஆனா ப்ளக்கை உருவின உடனே இல்ல. பெரிய கெபாசிட்டர்ல 320ல இருந்து 400 வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு மீட்டர்ல பாருங்க, இன்னும் இருந்தா 10 கே (பத்தாயிரம் ஓம்) 10 வாட்ஸ் ரெசிஸ்டர் வச்சு இறக்குங்க, ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ற ஹீரோ வேலை வேணாம். லேம்ப்பை பத்த வைக்கிற இக்னைட்டர் பக்கம் மட்டும் ஓடும்போது மீட்டரே கொண்டு போகாதீங்க, கிலோ வோல்ட் கணக்குல அடிக்கும்.

ஸ்மோக் படிஞ்சு வெளிச்சம் மங்கிடுச்சு. தின்னர் போடலாமா? (நாகர்கோவில்)

கூடாது ப்ரோ. பிளாஸ்டிக்கும் கோட்டிங்கும் போயிடும். லென்ஸ், கலர் கிளாஸ் எல்லாத்துக்கும் ஐசோப்ரொபைல், பஞ்சுத்துணி, மெதுவா. ப்ளோயர் அடிக்கிறப்ப ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால பிடிச்சுக்கோங்க, காத்துல கன்னாபின்னான்னு சுத்துனா பேரிங் போகும், ஃபேனே டைனமோ மாதிரி போர்டுக்கு வோல்டேஜ் திருப்பி அனுப்பும்.

பகல்ல ட்ரஸ்ல ஏத்தி வச்சோம், ஆன் பண்ணவே இல்ல. சாயந்திரம் பாத்தா உள்ள உருகி இருக்கு, எப்படி? (திருநெல்வேலி)

வெயில்தான். முன்னாடி இருக்கிற பெரிய லென்ஸ் பூதக்கண்ணாடிதானே, சூரியன் நேரா விழுந்தா உள்ள கோபோ (டிசைன் காட்டுற தகடு), வயர் எது மாட்டுதோ அதை பொசுக்கும். ஏத்துன கையோட தலையை தரையைப் பாக்க திருப்பி தலை ஆடாம பிடிக்கிற டில்ட் லாக் போடுங்க, இல்ல துணியால மூடுங்க. ஆன் பண்றதுக்கு முன்னாடி துணியை எடுத்து லாக்கையும் எடுக்கணும், மறந்தா தலையைத் திருப்புற பெல்ட் காலி.

கடைசி நாலு லைட் தானா ஆடுது. (கரூர்)

மைக் கேபிள்தானே போட்டிருக்கீங்க? அதுல சிக்னல் கெட்டுப்போகும். கன்ட்ரோல் சிக்னலுக்குன்னே இருக்கிற டிஎம்எக்ஸ் கேபிள் போடுங்க, கடைசி லைட்ல 2ம் பின்னுக்கும் 3ம் பின்னுக்கும் நடுவுல 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராம தடுக்கிற ரெசிஸ்டர்) சொருகுங்க.

எங்க ஸ்கூல் ஆடிட்டோரியத்துல பழைய 1000 வாட்ஸ் பார் லைட் இருக்கு, கர்ட்டனுக்கு பக்கத்துலயே தொங்குது. பயமா இருக்கு சார். (தஞ்சாவூர்)

பயம் நியாயம்தான் மேடம். எவ்வளவு தூரம் விடணும்னு ஃபிக்ஸர் மேலயே குறி போட்டிருப்பாங்க, அது அழிஞ்சிருந்தா எரிய விட வேணாம், தள்ளி மாட்டச் சொல்லுங்க. ஹோல்டர்கிட்ட வயர் மொறுமொறுன்னு காஞ்சிருக்கும், மாத்திடுங்க. ஒவ்வொரு லைட்டுக்கும் க்ளாம்ப் போக தனியா ஒரு சேஃப்டி வயர் பைப்பை சுத்தி இருக்கணும், கீழ உக்காந்திருக்கிறது பிள்ளைங்க.

ஈபி போய் ஜெனரேட்டர் மாத்துன செகண்டுல பாதி லைட் புகைஞ்சிடுச்சு. (விழுப்புரம்)

நியூட்ரல் லூஸ். மூணு ஃபேஸ்ல நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா லோடு கம்மியா இருக்கிற ஃபேஸ்ல வோல்டேஜ் 300, 350ன்னு ஏறும், 400 வரைக்கும் போகும். லைட்டை சொருகுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வச்சு பாருங்க, லோடு ஏறுனதும் இன்னொரு தடவை பாருங்க, ஏன்னா லூஸ் கனெக்‌ஷன் லோடு இல்லாதப்ப நல்ல பிள்ளையா 230 காட்டும். ஜெனரேட்டர்காரர் எல்லாம் ஓகேன்னு சொன்னாலும் பாருங்க, கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.