ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: வரி, தள்ளுபடி, வார்டு அரசியல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆடிட்டர் இல்லை. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். வருமான வரி, சொத்து வரி, தொழில் வரி மூன்றையும் கெடு தாண்டாமல் கட்டிப் பழகியவன். அதனால் வாயும் கொஞ்சம் நீளம். வரி பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். கருத்தெல்லாம் என் சொந்தச் சரக்கு.

கேள்வி (மென்பொருள் ஊழியர், சேலம்): ஐயா, 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னாங்க. எனக்கு 12 லட்சத்து 10 ஆயிரம் வருது. அந்த 10 ஆயிரத்துக்காக 61 ஆயிரம் ரூபாய் கட்டணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் ஒன்று பாருங்கள். அந்த 12,10,000 மொத்தச் சம்பளமா, கழிவு போன பிறகா? புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவு உண்டு. மொத்தச் சம்பளம்தான் 12,10,000 என்றால், கழித்த பிறகு 11,35,000. வரி பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்ன் (வருமானக் கணக்கு) தாக்கல் செய்தே ஆகவேண்டும். வரி இல்லை என்றால் ரிட்டர்னும் இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

கழித்த பிறகும் 12,10,000 நிற்கிறது என்றால்தான் கணக்கு. 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் வரை வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. ஆக 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி இருக்கத்தான் செய்கிறது. அதை 87ஏ பிரிவில் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். மேலே உள்ள 10,000-க்கு 15 சதவீதம், 1,500-ம் சேர்ந்து உங்கள் வரி 61,500 ஆகிவிடும். அங்கே மார்ஜினல் ரிலீஃப் வந்து கைகொடுக்கும்: கூடுதலாக வந்ததே 10,000 ரூபாய் என்பதால் வரியும் 10,000-ஐத் தாண்டக் கூடாது. 4 சதவீத செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 10,400 கட்டுவீர்கள். ஏறக்குறைய 12,70,000 வரை இந்தச் சலுகை நீளும்.

பங்கு விற்று வந்த லாபம் ஏதும் இருக்கிறதா? சிறப்பு விகிதத்தில் வரி போடும் அந்த மாதிரி வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது. போன வாரம் ஒரு பையன் இதில் சிக்கி முழித்துக்கொண்டிருந்தான்.

விலக்கு வரம்பையே 12 லட்சம் ஆக்கியிருந்தால் எல்லாருக்கும் பலன். தள்ளுபடியாகக் கொடுத்தால் கோட்டுக்கு உள்ளே நிற்பவருக்கு மட்டும்தான். சட்டத்தில் அது தப்பில்லை. ஆனால் மேடையில் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது பாருங்கள், அதைத்தான் நான் சொல்கிறேன்.

கேள்வி: ரிபேட்டும் ரீஃபண்டும் ஒண்ணுதானே சார்?

பதில்: இல்லை. ரிபேட் என்றால் தள்ளுபடி, உங்களிடமிருந்து எடுக்காமலே விட்டது. ரீஃபண்ட் என்றால் கூடுதலாக எடுத்துவிட்டுத் திருப்பித் தருவது. ரீஃபண்ட் வந்தால் என் மைத்துனர் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார். "மாப்பிள்ளை, அது உங்க காசுதான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முன்பணமாகக் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக் கட்டினால் அரசு நம்மிடம் மாதம் 1 சதவீதம் வட்டி கேட்கும். நம் பணத்தை வைத்துக்கொண்டு தாமதமாகத் தந்தால் மாதம் அரை சதவீதம்தான் தரும். அந்த அரை சதவீதத்தையும் அடுத்த வருடம் வருமானமாகக் காட்டி, அதற்கும் வரி கட்டவேண்டும். பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு துணிய மாட்டார்.

கேள்வி (இல்லத்தரசி, திருப்பூர்): அண்ணா, 2022-ல சொத்து வரி ஒரே தூக்காத் தூக்கிட்டாங்க. மத்திய அரசு சொன்னதாலதான்னு தி.மு.க.காரங்க சொல்றாங்க. அ.தி.மு.க.காரங்க இல்லேங்கிறாங்க. யாரைத்தான் நம்புறது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறதம்மா.

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரியில் பொதுச் சீராய்வு (எல்லாருக்கும் வரியை மறுபடி நிர்ணயிப்பது) எதுவும் நிலைக்கவில்லை. 2018-ல் அ.தி.மு.க. அரசு உயர்த்தியது. தி.மு.க. எதிர்த்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்க, 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 22-ம் தேதி முடிவு வந்தது. ஏப்ரல் 1-ம் தேதி வரி உயர்வு அறிவிப்பு. இந்த முறை தி.மு.க. அரசு உயர்த்தியது, அ.தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியது. வேட்டியின் கரை மாறியது, வசனம் அதேதான்.

மத்திய அரசு அமைத்த 15-வது நிதிக்குழு, உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது உண்மை. அந்த நிபந்தனை தேர்தலுக்கு முந்தியே இருந்ததும் உண்மை. ஓட்டுக் கேட்டு வந்தபோது யாரும் அதை வாசலில் நின்று சொல்லவில்லை. என் கோபம் உயர்வின் மேல்கூட இல்லை, அந்த 38 நாள் மௌனத்தின் மேல்தான்.

இன்னொன்று, உங்கள் வீட்டின் அளவைச் சரிபாருங்கள். சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். எனக்கு வந்த நோட்டீஸில் 1,340 சதுர அடி என்றிருந்தது. வரைபடத்திலோ 1,180. நானும் மனைவியும் டேப்பைப் பிடித்து, சுவரோரம் இருந்த துணி பீரோவையெல்லாம் நகர்த்தி அளந்தோம். 1,180-தான். முன்வாசலில் ஸ்கூட்டர் நனையாமலிருக்கப் போட்ட தகரக் கொட்டகையையும் கட்டடமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த 160 அடிக்காக நான் 50-லிருந்து 75-க்குத் தாவியிருந்தேன். மனு, வரைபட நகல், புகைப்படம் எல்லாம் கொடுத்து நாலு மாதம் நடந்தேன். கடைசியில் திருத்திக் கொடுத்த எழுத்தர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். நாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: சீக்கிரம் கட்டினால் 5 சதவீதம் குறைக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-க்குள், இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் 31-க்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். காலம் கடந்தால் மாதம் 1 சதவீதம் கூடும். வங்கி சொல்வது வருட வட்டி; ஆறே மாதத்தில் 5 சதவீதம் எந்த வங்கி வைப்பும் தருவதில்லை. கையில் பணம் இருந்தால் யோசிக்காதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அப்பா கட்டின ரசீதில் "நூலக வரி" என்று ஒரு வரி இருக்கிறது. இது என்ன?

பதில்: பலே, ரசீதைப் படித்திருக்கிறாய்! பாதிப் பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். சொத்து வரி ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, இந்த வரி அந்த வழியில் வருவது. வசூலிப்பது உள்ளாட்சி, போய்ச் சேரவேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு. எனக்குக் கட்டப் பிடித்த ஒரே வரி இது. வருமான வரியின் மேல் போடுகிற 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் அப்படியில்லை. மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15-வது நிதிக்குழு சொன்ன பங்கீட்டுக்குள் செஸ் வராது. உங்கள் தெரு நூலகத்துக்குப் போய், கடைசியாகப் புதுப் புத்தகம் எப்போது வந்தது என்று ஒரு வார்த்தை கேள்.

கேள்வி (தொழில்முனைவர், கோவை): நான் கட்டுகிற வரியில் ஊரெல்லாம் இலவசம். வரி கட்டுகிறவனுக்கு என்ன மிச்சம்? நீங்களும் அந்தக் கட்சிதானே, நேராகச் சொல்லுங்கள்.

பதில்: எனக்குக் கட்சி கிடையாது, வார்டுதான் உண்டு.

பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கத்தியிருப்பேன். இப்போது அப்படிக் கத்த முடியவில்லை, காரணம் என் வீட்டு மின்கட்டண ரசீது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வருமான வரி கட்டும் என் வீட்டுக்கும் 2016-லிருந்து அது வந்துகொண்டுதானிருக்கிறது. நீங்களும் நானும் வாங்கிக்கொள்கிறோம், பேச்சே இல்லை. கூரையில் சூரிய மின்தகடு போட்டால் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது. சொந்தக் கூரை இருப்பவருக்குத்தானே அது? ஏழைக்குக் கொடுத்தால் இலவசம், வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் மானியம், கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வரி கட்டுகிறவன் யார் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. 2017 ஜூலை 1-லிருந்து ஜிஎஸ்டி. பற்பசைக்கு 18 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-ல்தான் 5 ஆனது. அதுவரை பல் தேய்த்த அத்தனை பேரும் வரி கட்டியவர்கள்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை வாங்கும் பெண் கடையில் செலவழிக்கும்போது அதில் ஒரு பகுதி வரியாகத் திரும்புகிறது. இலவசப் பேருந்தில் ஏறி எங்கள் ஆலைக்கு வேலைக்கு வந்த பெண்களை எனக்குத் தெரியும். மிச்சமான காசைக் குழந்தைகளின் டியூஷனுக்குக் கட்டினார்கள்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. 2021 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 2,500 ரூபாய் ரொக்கம் கொடுத்தார்கள். அந்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். ஆட்சி மாறி 2022 பொங்கலுக்கு 21 பொருள் கொண்ட தொகுப்பு, ரொக்கம் கிடையாது. ஏழையின் தேவை ஒரே வருடத்தில் மாறிவிட்டதா, தேர்தல் காலண்டர் மாறியதா? மாதாமாதம் விதிப்படி வருவது நலத்திட்டம். ஓட்டுக்கு முன்னால் மட்டும் வருவதற்கு என்ன பெயர் என்று நீங்களே வையுங்கள்.

கேள்வி: சம்பளத்தில் தொழில் வரி பிடிக்கிறார்களே, அதைக் குறைக்கச் சொல்லி எழுதுங்களேன்.

பதில்: மாட்டேன். கூட்டச் சொல்லித்தான் எழுதுவேன், திட்டுங்கள். அரசியல் சாசனம் வருடத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று 1988-ல் போட்ட கோடு, இன்னும் நகரவில்லை. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டிய எல்லாருக்கும் சென்னையில் 1,250. மாதம் 15,000 வாங்கும் காவலாளியும் 3 லட்சம் வாங்கும் மேலாளரும் ஒரே தொகை. கீழே இருப்பவருக்குக் குறைத்து மேலே கூட்டினால், அந்தப் பணம் நேராக நம் ஊர் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும்தான் வரும்.

கேள்வி (விவசாயி, விழுப்புரம் மாவட்டம்): கிராமசபைன்னு உட்காரச் சொல்றாங்க, தீர்மானத்துல கையெழுத்து வாங்குறாங்க, கலைஞ்சு போறோம். கேள்வி கேட்டா என்ன ஆயிரப்போவுது?

பதில்: ஆகும் ஐயா, ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்துக்கு ஆறு நாள் உங்களுக்கு. 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். உங்கள் மாவட்டம் போல 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் பதவிக்காலம் முடியும் தேதி வேறு. நாற்காலியில் யார் இருந்தாலும் கிராமசபையில் கணக்கை வைக்கத்தான் வேண்டும். "ரோடு எப்போ போடுவீங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். "போன வருஷ வரவு செலவை வாசிங்க, வீட்டு வரி எவ்வளவு வசூல்?" என்று கேட்டால் தாளைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, குடவோலைத் தேர்தலின் விதிகள் சுவரிலேயே இருக்கின்றன. வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா, நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. அந்த ஒரு விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை ஊரில் வேட்பாளர் கிடைப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அதற்காக அதைப் பொற்காலம் என்று மெச்சவும் வேண்டாம். பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் உள்ளவனுக்குத்தான் அங்கே இடம். நிலமில்லாதவருக்குப் பேச்சே இல்லை.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு?

பதில்: மாநகராட்சி என்றால் 2023-லிருந்து மாதம் 10,000 மதிப்பூதியம். அதற்கு முன் மாத மதிப்பூதியம் கிடையாது.

கேள்வி: வேலை நடக்காத வார்டில் வரி கட்டாமல் போராடினால் என்ன?

பதில்: மாதம் 1 சதவீதம் ஏறும், அதனால் வார்டில் வேலை நடந்துவிடாது. கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். பாக்கிக்காரனின் மனுவை முதல் வரியிலேயே ஓரங்கட்டிவிடுவார்கள், "உங்க அசெஸ்மென்ட் நம்பர்ல நிலுவை இருக்கே" என்று.

கேள்வி: நீங்கள் எப்போதாவது கணக்குக் கேட்டிருக்கிறீர்களா, இல்லை எங்களுக்குச் சொல்வதோடு சரியா?

பதில்: நியாயமான கேள்வி. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, என் வார்டில் போன வருடம் வசூலான சொத்து வரி எவ்வளவு, வார்டுக்குள் செலவானது எவ்வளவு என்று எழுதிப் போட்டேன். 28-வது நாள் பதில் வந்தது. மூன்று பக்கம், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. தெரு வாரியாக, பைசா சுத்தமான கணக்கு. வாசித்து முடிக்கும்போதுதான் கவனித்தேன், அது பக்கத்து வார்டின் கணக்கு. மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தைப் பக்கத்து வார்டு நண்பர் ஒருவர் நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார், அவருக்கு ஏகப்பட்ட சந்தேகமாம்.