பிரேக் கைப்பிடியை எங்கே விடுகிறீர்கள்? பாராமோட்டார் கேள்வி பதில்

பாராமோட்டார் என்பது எஞ்சினையும் கூண்டுக்குள் சுற்றும் புரொப்பெல்லரையும் முதுகில் கட்டிக்கொண்டு, துணி இறக்கையில் தொங்கிப் பறப்பது. இறக்கையின் பின்விளிம்பை இழுத்துத் திருப்பும் கயிறுதான் பிரேக் லைன். அது புரொப்பெல்லர் கூண்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆத்தூர்: அண்ணா, பறக்கும்போது காற்று பிரேக் லைனை மேலே இழுத்துக்கொண்டேதானே இருக்கும்? கைப்பிடியை விட்டாலும் ரைசரில் (இறக்கையின் லைன்கள் வந்து சேரும் பட்டை) இருக்கும் புல்லியில் போய் நின்றுவிடும். அப்புறம் எப்படி அது பின்னால் இருக்கும் புரொப்பெல்லருக்குப் போகும்?

நல்ல கேள்வி தம்பி. அமைதியான காற்றில், த்ராட்டில் (எஞ்சின் வேகம்) குறைவாக இருந்தால், நீங்கள் சொல்வதுபோலத்தான் நிற்கும். ஆனால் மேலே இழுக்கும் அந்த விசை மிகச் சிறியது. லைன் காற்றில் படபடப்பதால் வரும் இழுவை மட்டும்தான். முழு த்ராட்டில் கொடுக்கும்போது புரொப்பெல்லர் தன் முன்னாலிருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சுகிறது. எதிர்க்காற்றும் கைப்பிடியைப் பின்னாலேதான் தள்ளுகிறது. இறக்கை ஒரு குலுக்கலில் கொஞ்சம் தளர்ந்தால் மேலே இழுக்க எதுவும் இல்லை. கைப்பிடி நேராக வலைக்கு வரும்.

எவ்வளவு தூரம் வரும் என்பதை யூகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஹார்னஸை, அதாவது நாம் உட்காரும் பட்டை இருக்கையை, மரக்கிளையிலோ உத்தரத்திலோ தொங்கவிட்டு, பறக்கும் நிலையில் உட்காருங்கள். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். நண்பர் ஒருவர் ரைசரை மேலே தூக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் கைப்பிடியை, பிரேக்கில் இருக்கும் தளர்வு தீரும்வரை, கூண்டை நோக்கி இழுக்கட்டும். வலையைத் தாண்டி விரலை விட்டுப் பார்த்து, புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்தை அது தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் அந்த அமைப்போடு பறக்காதீர்கள். இறக்கையின் நுனியை இழுத்துத் திருப்பும் சின்னக் கைப்பிடிகள் இருந்தால் அவற்றையும் இதேபோல இழுத்துப் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கொண்டலாம்பட்டி: நான் பவர்லூம் வைத்திருக்கிறேன். நூல் தண்டில் சுற்றினால் அறுந்துவிடும். பிரேக் லைனும் அப்படி அறுந்துதானே போகும்? வலையை இன்னும் நெருக்கமாகப் போட்டால் பிரச்சினையே இல்லையே?

தறி ஓட்டுகிறவரிடம் இதைப் பேசுவது எளிது. உங்கள் பாவு நூல் அறுந்துவிடும், இது அறுபடாது. பிரேக்கின் அடி லைன் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். புரொப்பெல்லரின் அலகில் நேராகப் பட்டால் வெட்டுப்படலாம். நடுத்தண்டில் மாட்டினால் சுற்றத்தான் செய்யும்.

கணக்குப் போடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று, அதைக் குறைக்கும் விகிதம் ஏறக்குறைய 2.7. புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,800 சுற்று, நொடிக்கு 46. நடுத்தண்டு 10 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டர் லைன். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் லைன் உள்ளே போய்விடும். அதில் பாதி இழுபட்டாலே ஒரு பக்க இறக்கை ஸ்டால் ஆகி, தூக்கும் விசையை இழந்துவிடும். கை, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சுக்குப் போகும் முன்னே எல்லாம் முடிந்திருக்கும்.

வலையை நெருக்கினால் உந்துவிசை குறையும். கைப்பிடி, கூண்டு வளையத்தின் விளிம்பைச் சுற்றியும் வரும், அங்கே வலை உதவாது. நெருக்கத்தைவிட இறுக்கம் முக்கியம். தொய்ந்த வலையோடு பறக்காதீர்கள். அறுந்த கண்ணிக்கு இழுபடாத டைனீமா கயிறு போடுங்கள். நைலான் நீளும்.

நாமக்கல்: பிரேக் லைனில் ஒரு முடிச்சுப் போட்டு எட்டு செ.மீ. குறைத்துவிட்டேன். இப்போது கைப்பிடி கூண்டை எட்டவே எட்டாது. இதைவிட எளிய வழி உண்டா?

தயவுசெய்து இன்றே அவிழ்த்துவிடுங்கள். பிரேக்கில் இருக்கும் தளர்வு வீணாகக் கிடப்பதல்ல. கைப்பிடியை விட்டால் இறக்கையின் பின்விளிம்பு முழுதாக விடுபட்டு நிற்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் வைத்தது. அதைத் தின்றுவிட்டால் எப்போதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே பறக்கிறீர்கள். வேகம் குறையும், ஸ்டால் பக்கத்தில் வரும்.

மீண்டும் நாமக்கல்: ஒரு வருடமாக இப்படித்தான் பறக்கிறேன் அண்ணா, ஒன்றும் ஆகவில்லை.

வேகத்தைக் கூட்டக் குறைக்க ரைசரில் இருக்கும் ட்ரிம்மரை மூடியே பறந்திருப்பீர்கள். ட்ரிம்மர் திறந்தாலோ, வேகம் கூட்டக் காலால் ஸ்பீட்பார் மிதித்தாலோ பின்விளிம்பு மேலே போகும், மீதித் தளர்வும் தீரும். ரிஃப்ளெக்ஸ் இறக்கை (பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்தது) என்றால் அந்த நிலையில் பிரேக் தொடவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும். நீங்கள் முடிச்சின் வழியே தொட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வாழப்பாடி: நாமக்கல் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறதே? புரொப்பெல்லரில் மாட்டுவதைவிடக் கொஞ்சம் பிரேக் பிடித்துப் பறப்பது மேல் அல்லவா?

இந்தக் கேள்வியைப் பதினொரு பேர் அனுப்பியிருக்கிறார்கள், ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆபத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. பல பாராமோட்டார் ரைசர்களில் புல்லிக்கு இரண்டு இடம் இருக்கும். ரைசரை மாட்டும் இடம் ஹார்னஸில் தாழ்வாக இருந்தால் மேல் இடம், உயரமாக இருந்தால் கீழ் இடம். தாழ்வான ஹார்னஸில் கீழ்ப் புல்லியை மாட்டியவர்களுக்குத்தான் கைப்பிடி கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கும். புல்லியை மேலே மாற்றுங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறதோ அத்தனையே லைனைக் குறையுங்கள். இறக்கைக்குத் தளர்வு முன்பு இருந்தபடியே இருக்கும், கைப்பிடி மட்டும் உயரும். வெறும் முடிச்சோடு இதை ஒப்பிடவே முடியாது.

இளம்பிள்ளை: கைப்பிடியை ரைசரில் ஒட்டவைக்கக் காந்தம் நல்லதா, அழுத்தும் பட்டன் நல்லதா?

இரண்டும் நல்லவைதான். ஆனால் நம் ஊரில் காந்தத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கஞ்சமலையில் இருப்பது காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது. உங்கள் பக்கத்து வண்டிப்பாதையில் மழை வடிந்த இடத்தில் கருப்புக் கோடாகக் கிடக்குமே, அந்த மணல். இறக்கையைத் தரையில் விரிக்கும்போது கைப்பிடி அதில் புரளும்.

எனக்கே நடந்தது. காலை ஆறரை மணி, குளிர். ஜாக்கெட் ஜிப்பை இழுக்க இடது கைப்பிடியை ரைசரில் ஒட்டவைத்தேன். ஒட்டியதுபோல இருந்தது. கையை எடுத்ததும் நழுவியது. முதுகுப் பக்கம் 'தட் தட்' என்று வலையில் அடித்தது. கில் சுவிட்சை அழுத்திவிட்டு ஒரு மரவள்ளிக் காட்டில் இறங்கினேன். வலையில் ஒரு கண்ணி பாதி வெட்டுப்பட்டிருந்தது. கைப்பிடியின் காந்தத்தைப் பார்த்தால் கம்பளிப்பூச்சி மாதிரி முழுக்கக் கருமணல் முடி. காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு நெல் தடிமன் இடைவெளி. அவ்வளவு போதும், பிடி போய்விடும்.

இப்போது பறக்கும் முன் ஒட்டும் டேப்பைக் காந்தத்தில் அழுத்தி உரித்து மணலை எடுத்துவிடுகிறேன். ஒட்டும்போது 'டக்' என்று கையில் உணராமல் விடுவதில்லை. த்ராட்டிலைக் குறைக்காமலும் விடுவதில்லை.

சேலம், ஐந்து ரோடு: செல்ஃபி எடுக்க ஒரு கையை விடலாமா?

த்ராட்டிலைக் குறைத்து, 'டக்' உணர்ந்து, பிறகு. போனுக்கு நீளமான கயிறு கட்டாதீர்கள், அந்தக் கயிறும் உள்ளே போகும்.

ஏற்காடு: லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்த்துக் கிளம்பலாமா? ஆடியில் காற்று நன்றாக இருக்கும்.

வேண்டாம். ஆடிக் காற்று பலமாக அடிக்கும், மலையோரத்தில் அது கொந்தளிக்கும். அனுமதி, காமலாபுரம் விமான நிலையத்தின் வான்வெளி எல்லாம் தனி விஷயம். அதைக் காவல்துறையிடமும் விமான நிலையத்திடமும் கேளுங்கள், என்னிடம் அல்ல.

தாரமங்கலம்: கிளம்பும்போது லைன்கள் கூண்டின் மேலேதானே கிடக்கின்றன? அது ஆபத்து இல்லையா?

இருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது இறக்கை எழும்வரை லைன்கள் வளையத்தில் உரசிக்கொண்டுதான் வரும். அப்போது முழு த்ராட்டில் கொடுத்தால் லைனும் உறிஞ்சப்படும், லேசான கூண்டு வளைந்து புரொப்பெல்லரையும் தொடும். இறக்கை தலைக்கு மேல் வந்து, லைன்கள் கூண்டை விட்டுப் பிரிந்ததை உணர்ந்த பிறகே த்ராட்டில். சரியாக எழவில்லை என்றால் முதலில் கில் சுவிட்ச், பிறகுதான் திரும்பிப் பார்ப்பது. கிளட்ச் உள்ள எஞ்சினில் ஐடிலில் புரொப்பெல்லர் நின்றிருக்கும் என்று நம்பி விடாதீர்கள். இழுத்துக்கொண்டு சுற்றும் கிளட்சும் உண்டு.

சேலம்: காந்தம் நல்லதா பட்டன் நல்லதா?

மேலே இளம்பிள்ளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேட்டூர்: இத்தனையும் மீறி மாட்டிக்கொண்டால்?

எஞ்சினை அணையுங்கள். இறக்கை ஒரு பக்கம் திரும்பத் தொடங்கினால் எதிர்ப்பக்கம் உடல் எடையைச் சாய்த்து, அந்தப் பக்க பிரேக்கை அளவாகப் பிடியுங்கள். அதிகம் பிடித்தால் இரு பக்கமும் ஸ்டால். லைன் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் பின் ரைசரை இழுத்துத் திருப்பலாம், இறங்கலாம். லைன் இறுகிச் சுற்றியிருந்து உயரம் இருந்தால், தோளில் இருக்கும் கொக்கிக் கத்தியால் அந்த ஒரு லைனை மட்டும் அறுங்கள். சுழற்சி நிற்கவில்லை, உயரமும் இல்லை என்றால் யோசிக்காமல் ரிசர்வ் பாராசூட். கத்தி ஒரு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

நாமக்கல்: அண்ணா, முடிச்சை அவிழ்த்தேன். புல்லி கீழ் இடத்தில்தான் இருந்தது. மேலே மாற்றினேன், 9 செ.மீ. ஏறியது. நாளைக் காலை பறக்கலாமா?

நன்றி தம்பி, மனசுக்கு நிம்மதி. நாளை பறக்காதீர்கள். இரண்டு பக்க லைனையும் பக்கத்தில் வைத்து ஒரே நீளமா என்று பாருங்கள். முடிச்சு இருந்த இடத்தில் உறை நைந்திருந்தால் அந்த லைனையே மாற்றுங்கள். பிறகு எஞ்சின் இல்லாமல் இறக்கையைத் தரையில் எழுப்பி, கைப்பிடியை விட்டு, பின்விளிம்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் நிற்கிறதா என்று பார்த்து எனக்குப் படம் அனுப்புங்கள்.