காரின் இன்ஜினுக்குள் எலி: புகையிலையும் அந்துருண்டையும் போதுமா?

கேள்வி: நங்கநல்லூரில் ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள அடுக்குமாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். பெட்ரோல் கார், வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எடுப்போம். ஆறு மாதத்தில் இரண்டு முறை எலி ஒயரைக் கடித்துவிட்டது. மெக்கானிக் சொன்னபடி புகையிலை கட்டினோம். ஒரு வாரம் எலி வரவில்லை, அப்புறம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அந்துருண்டை போடச் சொல்கிறார். எலி மருந்து வைக்கலாமா? பொங்கல் முடிந்ததும் மகள் வீட்டுக்கு மூன்று வாரம் போகிறோம், அதுவரை காரை எப்படி விட்டுப் போவது?

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமான தகவல் அந்த ஒரு வாரம்தான். புதிதாக எதைப் பார்த்தாலும் எலிக்குப் பயம். தினமும் போய் வரும் வழியில் புது வாசனை, புதுச் சத்தம், புதுப் பொருள் எது வந்தாலும் சில நாள் ஒதுங்கியிருந்து நோட்டம் பார்க்கும். ஆபத்தில்லை என்று பழகிவிட்டால் மறுபடி வந்துவிடும். புகையிலை, ஸ்பிரே, நம் காதுக்குக் கேட்காத சத்தத்தால் எலியை விரட்டுவதாகச் சொல்லும் மீயொலிக் கருவி எல்லாம் முதல் வாரத்தில் பிரமாதமாக வேலை செய்வதுபோலத் தெரிவதற்கு இதுதான் காரணம். அந்த ஒரு வாரத்தை நம்பி மற்ற வேலைகளைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம். எலி உங்கள் காரைத் தேடி வரவில்லை. உங்கள் பார்க்கிங்கில் அதற்குச் சாப்பாடு இருக்கிறது, பக்கத்திலேயே இருட்டாக, வெதுவெதுப்பாக, பூனை நுழைய முடியாத ஓர் இடம் இருக்கிறது. அதனால் முதலில் இடத்தைச் சரிசெய்ய வேண்டும், பிறகு காரைச் சுத்தம் செய்ய வேண்டும், அதன் பிறகு வழியை அடைக்க வேண்டும். வாசனை வைத்தியமெல்லாம் கடைசியில்தான்.

ஒயரைக் கடிப்பது பசியால் இல்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாழ முடியாது. இப்போதைய கார் ஒயர்களில் சோயா கலந்திருப்பதால்தான் எலி தேடி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பேச்சுதான். சோயா பேச்சு கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே எலி ஒயர்களைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

சென்னையில் கார்களுக்குத் தொல்லை தருவது மூன்று வகை. பெருச்சாளி சாக்கடை ஓரமும் மதில் அடியும் வளை தோண்டி வாழும். அவ்வளவாக மேலே ஏறாது, காரின் அடிப்பக்க ஒயர்களைக் கடித்துவைக்கும். வீட்டெலி நன்றாக ஏறும். தென்னை மரத்து மட்டைகளுக்கு நடுவே கூடு கட்டி, கேபிள் வழியாகவும் குழாய் வழியாகவும் இறங்கி வரும். பானட்டுக்குள் தேங்காய் நார் கிடந்தால் பெரும்பாலும் இதன் வேலைதான். மூன்றாவது சுண்டெலி. ஏறக்குறைய 6 மி.மீ. இடைவெளி இருந்தாலே நுழைந்துவிடும், ஏசி ஃபில்டரில் கூடு கட்டுவது அதிகமும் இதுதான். வீட்டெலிக்குக்கூட 12 மி.மீ. சந்து போதும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மழைநீர் வடிகாலும் வளைகளும் நிரம்பும்போது கீழே இருப்பதெல்லாம் மேட்டுக்கு வரும். அப்போது கையில் கிடைக்கும் முதல் மேடு கார்தான். எனவே கீழே சொல்லும் வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

முதலில் எலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு நம் வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது, கோலப்பொடி. கல் மாவில் செய்ததாக இருக்க வேண்டும். அரிசி மாவு போட்டால் அதுவே விருந்தாகிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் நான்கு டயர்களைச் சுற்றியும் காருக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஓரமாகவும் மெல்லிசாகத் தூவிவிட்டு, காலையில் பெருக்குவதற்கு முன் பாருங்கள். எந்த டயர் வழியாக ஏறுகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கால் தடத்திலேயே தெரிந்துவிடும். எலி திறந்த வெளியில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டே போகும். அடிக்கடி போகும் வழியில் சுவரில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். தடத்தைப் பின்தொடர்ந்தால் மூடி உடைந்த சாக்கடையிலோ, ஈபி கேபிள் வரும் ஓட்டையிலோ, மூலையில் குவித்து வைத்த பழைய அட்டைப்பெட்டிகளிலோ போய் முடியும்.

அதற்குப் பிறகு இது உங்கள் ஒரு வீட்டின் வேலையாக இருக்காது, அசோசியேஷன் வேலை. கேபிளும் குழாயும் நுழையும் ஓட்டைகளில் கம்பி வலையை அடைத்துச் சிமென்ட் பூச வேண்டும். வெறும் சிமென்ட் ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும், அதைப் பார்க்கிங்கிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தெரு நாய்க்கும் பூனைக்கும் சோறு வைப்பவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். புறாவுக்குத் தானியம் இறைப்பதும் அப்படித்தான், இரவில் மிச்சம் கிடக்கக் கூடாது. தெருவில் வடிகால் மூடி உடைந்திருந்தாலோ குப்பை தேங்கியிருந்தாலோ மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் முடிந்த அளவு தள்ளி நிறுத்துங்கள். தரை வரை தொங்கும் கார் கவர் வேண்டாம். அது எலிக்கு இருட்டுக் கூடாரம். கவர் போட்டே ஆக வேண்டும் என்றால் டயரின் பாதி உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒயரை மாற்றிவிட்டு காரை அப்படியே எடுத்து வந்துவிடுகிறார்கள். எலி போகும் இடமெல்லாம் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும், அந்த வாசனையைப் பிடித்து அடுத்த எலி வரும். கூட்டை எடுத்து, புழுக்கையைத் துடைத்து, அந்த வாசனையைப் போக்கினால்தான் வேலை முடிந்த மாதிரி. ஆனால் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள், காற்றடிக்காதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது, தூசி மூச்சில் போவதும் நல்லதில்லை. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தரைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதை இன்ஜினுக்குள் விட்டால் கனெக்டர்கள் அரித்துவிடும். பிரஷர் வாஷும் வேண்டாம். பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டையில் பெரிய ஓட்டை இருந்தால் அதை மாற்றுங்கள், எலி கூட்டுக்குப் பஞ்சு எடுப்பது அங்கிருந்துதான். ஏசி ஃபில்டரையும் கையோடு பார்த்துவிட வேண்டும். அது பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

வழியை அடைப்பதில் காசில்லாமல் ஆகக்கூடிய ஒன்று இருக்கிறது. வண்டியை அணைக்கும் முன் ஏசியை, வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுழற்றும் நிலைக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். பெரும்பாலான கார்களில் வெளிக்காற்று வரும் மடிப்புக்கதவு மூடியபடியே நிற்கும், ஃபில்டருக்குப் போகும் பாதை அடைபடும். வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று நுழையும் வாய்க்கு 6 மி.மீ. கண்ணுள்ள துரு ஏறாத கம்பி வலையைப் பொருத்தலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் வலை, ஒயருக்குப் போடும் நெளி பிளாஸ்டிக் குழாய் எல்லாம் கிடைக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் நீங்களாக எதையும் கட்டாதீர்கள், காற்றோட்டம் குறைந்தால் இன்ஜின் சூடாகும். கம்பி நார் திணிப்பதும் கூடாது, ஒரு துண்டு உதிர்ந்து முனையில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

இன்னொரு நல்ல பழக்கம் இரவில் பானட்டைத் திறந்து வைப்பது. இருட்டும் மறைவும் போய்விடுவதால் எலிக்கு அங்கே தங்க மனம் வராது. கேட்டும் வாட்ச்மேனும் இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இதைத் தைரியமாகச் செய்யலாம். சுவர் பிளக்கிலிருந்து ஒரு சின்ன எல்இடி விளக்கை எரியவிட்டால் இன்னும் நல்லது. காரின் பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை ஓட்டுவதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இருபது நிமிடம் என்று மாற்ற முடிந்தால் கூடு கட்ட நிம்மதி கிடைக்காது, பேட்டரியும் பிழைக்கும். ஆனால் தினமும் ஓடும் காரை எலி தொடாது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். கடிக்க ஓர் இரவு போதும்.

இப்போது வாசனைகள். புகையிலையைத் தொடர்ந்து வைப்பதில் தப்பில்லை, துணைக்கு இருக்கட்டும். ஆனால் அது காய்ந்த இலை. சைலன்சர் பக்கமோ பெல்ட் பக்கமோ இருந்தால் தீப்பிடிக்கலாம், சுற்றிக்கொள்ளலாம். வலைப் பையில் போட்டு பேட்டரி பக்கமாகக் கட்டி, மாதம் ஒரு முறை புதிதாக மாற்றுங்கள். அந்துருண்டையை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் நெடி ஏசி வழியாக உள்ளே வரும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு நொதிக் குறைபாட்டால், அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பேரக்குழந்தைகள் ஏறும் காரில் அந்த ஆபத்து எதற்கு? மண்ணெண்ணெய், டீசல் தெளிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். ரப்பர் ஊதிக் கெடும், தீ அபாயம் தனி. மீயொலிக் கருவியின் ஒலி இன்ஜினைத் தாண்டிப் போகாது, பின்பக்கம் எலி சௌகரியமாக இருக்கும். அதோடு நிறுத்திய காரின் பேட்டரியையும் அது மெல்ல மெல்ல இறக்கும்.

எலி மருந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்கு மாற்று மருந்தே கிடையாது, கல்லீரலை அழித்துவிடும். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். கடையில் கேக் வடிவில் விற்கும் புரோமடியோலோன் மருந்து தின்ற உடனே கொல்லாது, சில நாள் ஆகும். அந்த எலி உங்கள் ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். பசை அட்டையும் வேண்டாம். துடிதுடித்துச் சாவது எலி மட்டுமில்லை, அணிலும் பல்லியும் குருவியும் மாட்டிக்கொள்ளும். பொறிதான் நல்லது. கோலப்பொடி காட்டிய வழியில், சுவரை ஒட்டி வையுங்கள். முதல் மூன்று நாள் பொறியை இழுத்து வைக்காமல் சுட்ட தேங்காய்ச் சில்லோ மசால் வடையோ மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். பயம் தெளிந்த பிறகு நான்காம் நாள் இழுத்து வைத்தால் மாட்டும். முதல் நாளே இழுத்து வைப்பதால்தான் எலி பொறிக்குத் தப்பிவிடுகிறது. குழந்தைகள் கை வைக்காதபடி ஒரு மரப்பெட்டிக்குள் வைப்பது அவசியம். கூண்டில் பிடித்ததை அடுத்த தெருவில் விட்டால் அடுத்தவர் காருக்குள் போகும்.

இரண்டு முறை ஒயர் மாற்றியிருக்கிறீர்கள், எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் இன்ஜின் சூட்டில் பிசின் இளகிப் பிரிந்துவிடும். சாதாரண ஒயரைச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுவதுதான் முறை. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயரில் ஒட்டு வேலையே கூடாது, அதை முழுதாக மாற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் ஒயரையும் சால்டர் செய்யக் கூடாது. பல சென்சார்கள் அந்த ஒயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று: ஆரஞ்சு நிறக் கேபிளில் பல் தடம் தெரிந்தால் தொடாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதற்கு எதுவும் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும் எலிக்கடி சேருமா என்று பாலிசி வாசகத்தைக் காட்டி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் புழுக்கை, கடித்த ஒயர் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ‘ஸீரோ டெப்’ என்ற கூடுதல் பாதுகாப்பை எடுக்கவில்லை என்றால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ஒரு தடவை க்ளெய்ம் செய்தால், ஐந்து வருடம் க்ளெய்ம் செய்யாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் தள்ளுபடியும் போய்விடும். பில் சில ஆயிரத்துக்குள் என்றால் கைக்காசைக் கொடுத்துவிடுவதே லாபம்.

மூன்று வாரப் பயணத்துக்கு: கிளம்புவதற்கு முந்தைய நாள் காருக்குள் பிஸ்கட், கோயில் பிரசாதம், டிக்கியில் மளிகைப் பை எதுவும் இல்லாமல் எடுத்துவிடுங்கள். ஏசியை உள்காற்று நிலைக்கு மாற்றி அணையுங்கள். கதவுகளைப் பூட்டிய பிறகு பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தால், ஒயரைக் கடித்தாலும் ஷார்ட் ஆகாது. கவர் போடாதீர்கள். வாட்ச்மேனிடம் பானட்டைத் திறந்து வைத்திருப்பதைச் சொல்லி, இரண்டு நாளுக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளில்லாத பார்க்கிங் என்றால் பானட்டைத் திறந்து வைக்க வேண்டாம், பேட்டரி திருட்டுப் போகும். ஊரிலிருந்து திரும்பியதும் நேராகச் சாவியைப் போடாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். எலி பெட்ரோல் ரப்பர் குழாயையும் கடிக்கும். பெட்ரோல் நெடி வந்தால் பேட்டரியையும் இணைக்காமல், ஸ்டார்ட்டும் செய்யாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.