பதில்: கரகாட்டப் படம் 'குப்பை'தானா?

கோயில் கொடை இரவில் எடுத்த கரகாட்டப் புகைப்படத்தை மூத்தவர் ஒருவர் 'குப்பை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், இனி யாருக்கும் காட்டப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் 'சூப்பர்' என்று போட்ட பத்துப் பேரும் உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லையே!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தல்கால் கூர்மையாக இருக்கிறது. ஆடுபவரின் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் கை நடுங்கவில்லை. நீங்கள் வைத்த 1/60 நொடி ஷட்டர் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) சுழன்றாடுபவருக்குப் போதவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை 1/250 வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) 800-லிருந்து 3200-க்கு ஏற்றுங்கள். ஒன்று குறைப்பதை மற்றது ஈடுகட்டுவதால் படத்தின் வெளிச்சம் மாறாது. நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) கொஞ்சம் தெரியும், தெரியட்டும்.

எனக்கு அதைவிட உறுத்தியது கரகத்தின் உச்சியிலிருக்கும் கிளி பாதியில் வெட்டுப்பட்டிருப்பது.

இனி 'எப்படி இருக்கு?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'உங்கள் கண் முதலில் எங்கே போகுது?' என்று கேளுங்கள். என் படமொன்றுக்கு நண்பர் 'பின்னாடி இருக்கிற டியூப்லைட்டுக்கு' என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு டியூப்லைட்டை கிராப் செய்து வெட்டி எடுத்தேன்.