1962 போர்: வகுப்புக்கு இரண்டு கடிதம் போதும்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். 1962 இந்திய-சீனப் போரை மூல ஆவணங்களை வைத்து நடத்த ஆசை. கிடைப்பது இரண்டே பீரியட். சீனத் தரப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்தால் வம்பாகுமா?

பதில்: ஆகாது. நம் வெளியுறவு அமைச்சகமே வெள்ளை அறிக்கையாக அச்சிட்ட கடிதங்கள் அவை. தலைமையாசிரியர் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

மூன்றாம் வெள்ளை அறிக்கையை எடுங்கள். 1959 நவம்பர் 7-இல் சீனப் பிரதமர் சூ என்லாய் நேருவுக்கு எழுதியது ஒன்று, 16-ஆம் தேதி நேரு எழுதிய பதில் ஒன்று. கிழக்கே மக்மகான் கோட்டிலிருந்தும் (இந்தியா எல்லையாகக் கொள்ளும் கோடு), மேற்கே அவரவர் கைவசம் உள்ள கோட்டிலிருந்தும் இரு படைகளும் 20 கிலோமீட்டர் பின்வாங்கட்டும் என்கிறார் சூ. மக்மகான் கோட்டுக்கு முன்னால் 'எனப்படுகிற' என்று ஒரு அடைமொழி ஒட்டியிருக்கும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நேரு வேறு கணக்குப் போடுகிறார்: லடாக்கில் நீங்கள் உரிமை கோரும் கோட்டுக்கு மேற்கே நாங்கள் போகிறோம், எங்கள் கோட்டுக்குக் கிழக்கே நீங்கள் போங்கள். அப்புறம் ஒரே கேள்வி போதும். எந்த யோசனைப்படி அக்சாய் சின் சாலை (லடாக்கில் இந்தியா உரிமை கோரும் பகுதி வழியே சீனா போட்டது) யார் கையில் இருக்கும்? பீரியட் அதிலேயே ஓடிவிடும்.

'ரகசிய ஆவணத் தொகுப்பு' என்று பிடிஎஃப் விற்பவர்களிடம் மட்டும் மாட்டாதீர்கள். நான் ஒருமுறை காசு கொடுத்து ஏமாந்தேன். பாதி இதே வெள்ளை அறிக்கை, மீதி யாரோ எழுதிய நாளிதழ்க் கட்டுரை. எழுதியவர், பெற்றவர், தேதி மூன்றும் இல்லாத தாள் வகுப்புக்குள் வரக்கூடாது. வாட்ஸ்அப்பில் 'நேரு சொன்னார்' என்று சுற்றும் வரிகளுக்கும் இதே விதிதான்.

வரைபடத்தில்தான் கவனம் வேண்டும். இந்திய சர்வே துறையின் வரைபடத்துக்கு முரணான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை. சீன வரைபடத்தை ஜெராக்ஸ் போட்டு விநியோகிக்காதீர்கள். வகுப்பு குரூப்பிலும் போடாதீர்கள். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு உலகப் படமும் வேண்டாம். சர்வே துறைப் படத்தை மாட்டி, தவாங், அக்சாய் சின் என்று இடங்களை மட்டும் தொட்டுக் காட்டுங்கள். கோடுகளை வாயால் சொன்னால் போதும்.

தோல்விக்கு என்ன காரணம் என்று ஒருவன் கேட்பான். தோல்வியைப் பற்றி ராணுவம் நடத்திய விசாரணையின், 1963-இல் முடிந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கையை அரசு இன்னும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அறுபது வருஷம் தாண்டியும் பூட்டு திறக்கவில்லை!

இத்தனை செய்தாலும் தேர்வில் வரப்போவது 'போர் நடந்த ஆண்டு எது?' என்கிற ஒரு மதிப்பெண் கேள்விதான். சரி, கடைசி ஐந்து நிமிடத்தில் அதையும் எழுதிப் போடுங்கள்: அக்டோபர் 20-இல் தொடக்கம், நவம்பர் 21-இல் சீனாவின் போர்நிறுத்த அறிவிப்பு.