காதைப் பிறாண்டும் பூனை

கேள்வி: தெருவில் கிடந்த பூனையை எடுத்துவந்து பத்து நாளாகிறது. ஓயாமல் காதைப் பிறாண்டுகிறது, தலையை உதறுகிறது. காதுக்குள் காபித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு. வீட்டிலேயே எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாமா? வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது.

பதில்: காபித்தூள் போன்ற அழுக்கு என்றால் பெரும்பாலும் காதுப்பூச்சிதான். அந்த அழுக்கில் ஒரு துளியைக் கறுப்புத் தாளில் வைத்து, விளக்கடியில் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். மஞ்சள் சீழும் நாற்றமும் இருந்தால் அது வேறு தொற்று. அதற்கு எண்ணெய் விடாதீர்கள். தலை ஒருபக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ செவிப்பறை கிழிந்திருக்கலாம். அப்போதும் காதில் எதுவும் விடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் வாசனையில்லாத பேபி ஆயில் போதும். குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். எண்ணெய் சில்லென்றிருந்தால் பூனை திமிறும். பூனையைத் துண்டில் தலைமட்டும் வெளியே தெரியச் சுற்றிக்கொண்டு, காதுக்கு மூன்று நான்கு சொட்டு விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் எண்ணெய் சரியாக இறங்கியிருக்கிறது. பிறகு விட்டுவிடுங்கள், தானே உதறும். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம்: பூனையின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் வளைகிறது, குச்சி அழுக்கை அந்த வளைவுக்குள் தள்ளி அடைத்துவிடும்.

எண்ணெய் அரிப்பைத் தணிக்கும், அழுக்கை இளக்கும். பூச்சி ஒழிந்துவிட்டதென்று மட்டும் நினைக்காதீர்கள். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நாலு நாளில் பூனை அமைதியாகிவிட்டதென்று நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடி எழுதிக் கேட்கிறார்கள். பூச்சியை ஒழிக்க, பிடரியில் விடும் செலமெக்டின் போன்ற மருந்தை எடைக்கேற்ப மருத்துவர் தருவார். இன்னொரு பூனைக்கு அரிப்பு இல்லாவிட்டாலும் அதற்கும் சேர்த்தே போட வேண்டும், ஒட்டிப் படுத்தாலே தொற்றிவிடும். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைத்துவிடுங்கள்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு உயிராபத்து. டீ ட்ரீ ஆயிலும் பூண்டு எண்ணெயும் நஞ்சு. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புண்ணான காதில் தீயாய் எரியும்.

கேள்வி: பிறாண்டிப் பிறாண்டி ஒரு காது மடல் தலையணை மாதிரி உப்பிவிட்டது. ஊசியால் குத்தி வடிக்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது. குத்தினால் சீழ் பிடிக்கும், ரத்தமும் மறுபடி தேங்கும். மருத்துவரிடம் போகும்வரை கழுத்துக் கூம்பு மாட்டி, பின்னங்கால் நகங்களின் கூர்முனையை மட்டும் வெட்டி வையுங்கள்.