ஸ்டோர் ரூமில் கறுப்புப் புள்ளிகள், ஒரு மாதிரி வாடை. இது பூஞ்சணம்தானா? எப்படிப் போக்குவது?

எங்கள் வீட்டில் பரண் கிடையாது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய புதிய அடுக்குமாடி வீடுகளில் பரணுக்குப் பதில் பாம் ஷெல்டர்தான். கெட்டிக் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. குண்டு விழுந்தால் நாம் ஒளிவதற்குக் கட்டிய அறையில் வருடம் முழுக்க ஒளிந்திருப்பவை கொலுப் பொம்மைகள்.

மூன்று வருடங்களுக்கு முன் நவராத்திரிக்குப் பெட்டிகளை எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததுமே ஈரச் சாக்கை மூடி வைத்த மாதிரி வாடை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தாலும் மூக்கு முதலில் கண்டுபிடித்துவிடும். அட்டைப்பெட்டிகளின் அடியில் கறுப்புப் புள்ளிகள். காகிதக்கூழ் தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் சாம்பல் பஞ்சைப் போர்த்திக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே இருந்த மண் பொம்மைகளைத் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டன. பூஞ்சணத்துக்குத் தின்ன ஏதாவது வேண்டும்: காகிதம், அட்டை, மரம், தோல், தூசி. மண்ணில் அதற்குச் சாப்பாடு இல்லை.

சுவரில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததையும் பூஞ்சணம் என்று நினைத்துச் சுரண்டினேன். அது உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உப்பு கரையும், பூஞ்சணம் கரையாது. ஆனால் உப்பு பூத்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் கவனியுங்கள். கறுப்புப் புள்ளி அழுக்கா என்று சந்தேகமா? தண்ணீர் கலந்த பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சணம்தான். ‘கறுப்பு என்றால் விஷப் பூஞ்சணம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

சரி, நான் செய்த தப்பு. பிளீச் போட்டுத் துடைத்தேன், கதவைச் சாத்தினேன். தீபாவளிக்குள் திரும்ப வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: வீடு துடைத்த ஈர மாப்பையும் வாளியையும் தினமும் அதே அறையில் வைத்துக் கதவை மூடிக்கொண்டிருந்தோம்! முஸ்தபா கடையில் வாங்கிய சின்ன ஈரப்பதமானி உள்ளே 84 சதவீதம் காட்டியது. 60-க்குக் கீழே இருந்தால்தான் நிம்மதி. இந்த ஊரில் கதவைத் திறந்து போடுவது மட்டும் போதாது, விடியற்காலையில் வெளிக்காற்றே 90-ஐத் தாண்டும். மாப்பைத் துணி காயப்போடும் சர்வீஸ் யார்டுக்கு மாற்றினோம், பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம், அட்டைக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கினோம், வாரத்தில் இரண்டு நாள் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயர் மெஷினை ஓட்டுகிறோம். ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்ன டப்பாக்கள் அலமாரிக்குச் சரி, ஓர் அறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சுத்தம் செய்யும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ டாய்லெட் கிளீனரையோ கலக்கவே கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஜன்னல் இல்லாத அறையில் அது விளையாட்டு இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைத் தொட வேண்டாம். ஊறிப்போன அட்டை, காகிதம் எல்லாம் குப்பைக்கு. மச்சத்தையும் கூர்மத்தையும் தூக்கிப்போட மாமியாருக்கு மனசே வரவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை, எங்கள் கொலுவில் இப்போது வராகம்தான் முதல் அவதாரம்.

கறை கூரையில் வட்டமாக, தொட்டால் ஈரமாக இருந்தால் இதெல்லாம் உதவாது. பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து கசிவு. வீவக வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் அதில் பொறுப்பு உண்டு. கழகத்தின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை அவர்களே ஏற்பார்கள், மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் மேலே போய்க் கதவைத் தட்டிப் பேசுங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கசிவு நின்று கூரை நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தால் போதும்.